பயனாளி என்றொரு சொல், முதலாளி என்றொரு சொல்

ஏ9 வீதியால் யாழ்ப்பாணம் போகிறவர்களில் முறிகண்டியில் இறங்காமல் போகிறவர்கள் குறைவு. பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, சாரதி ஹோர்ன் அடிப்பதற்குள் வறுத்த கச்சான் கடலை ஒரு சரையாவது வாங்கிக்கொண்டு ஏறுவது நெடுநாள் வழக்கம். அந்தக் கச்சானை விற்கும் பெண்ணிடம் வியாபாரப் பதிவு இருக்கிறதா, எந்தத் திகதியில் வறுத்தது, யார் பரிசோதித்தது என்று கேட்ட ஒருவரையும் நான் இன்றுவரை காணவில்லை. தெற்கிலிருந்து நயினாதீவுக்குப் போகும் சிங்களக் குடும்பமும் கேட்பதில்லை. கனடாவிலிருந்து வந்து போத்தல் தண்ணீர் மட்டுமே குடிக்கும் உறவினரும் கேட்பதில்லை. ஆனால் அதே பெண் அதே கச்சானைப் பொதி செய்து நகரத்துச் சுப்பர்மார்க்கற் ஒன்றின் கொள்வனவு அதிகாரியிடம் நீட்டினால், ஐந்து நிமிடத்துக்குள் தன்னிடம் இல்லாத ஆறு பத்திரங்களின் பெயர்களைத் தெரிந்துகொண்டு திரும்பி வருவார்.

கச்சான் ஒன்றேயாக இருக்கும்போது இந்த இரண்டு வரவேற்புகளுக்கும் இடையில் இவ்வளவு தூரம் ஏன் என்ற கேள்வி, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் சிறு முயற்சியாளர்களோடு நான் வேலை செய்த ஏழு ஆண்டுகளும் என் மனதில் இருந்தது. முகாமைத்துவ ஆய்வுகளில் இதற்கு ஒரு கருத்தாக்கம் உண்டு. தமிழில் அதைச் சிலர் சட்டபூர்வத்தன்மை என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல் சட்டத்தோடு நின்றுவிடுவதால் நான் ஏற்புடைமை என்று எழுதுகிறேன். ஒருவர் செய்வது தகுந்தது, முறையானது, விரும்பத்தக்கது என்று அவரைச் சூழ்ந்த சமூகம் தன் வழமைகளையும் நம்பிக்கைகளையும் கொண்டு பொதுவாக எண்ணிக்கொள்வதே ஏற்புடைமை என்று மார்க் சச்மன் 1995 இல் வரையறுத்தார். அவர் அதை மூன்றாகப் பிரித்தார்: எனக்கு இதனால் நன்மை உண்டு என்பதற்காக ஏற்பது, இது செய்யத்தக்க காரியம் என்பதற்காக ஏற்பது, வேறு விதமாக இருக்கலாம் என்ற எண்ணமே தோன்றாததால் ஏற்பது. முறிகண்டிக் கச்சான் மூன்றாவது வகை. 2006 ஓகஸ்டில் பாதை மூடப்பட்டபோது அந்த வியாபாரம் நின்றது. யுத்தம் முடிந்து பாதை திறந்தபின் கடைகள் திரும்பி வந்தன, வாகனங்களும் பழையபடி நின்றன. அவர்களுக்குச் சந்தைப்படுத்தல் பயிற்சி கொடுக்க எவரும் வரவேண்டியிருக்கவில்லை.

புதிதாகத் தொடங்கப்படும் நிறுவனங்கள் பழையவற்றைவிட அதிகமாக மடிந்துபோவதற்கு, அவை அந்நியர்களை நம்பியும் அந்நியர்களால் நம்பப்பட்டும் பிழைக்கவேண்டியிருப்பது ஒரு காரணம் என்று சமூகவியலாளர் ஆர்தர் ஸ்டின்ச்கோம்ப் 1965 இலேயே எழுதினார். அவர் அமெரிக்காவிலிருந்து எழுதினார். கிளிநொச்சியும் முல்லைத்தீவும் அடங்கிய வன்னியில் 2009 க்குப் பின்னர் புதிதாக இல்லாதது என்ன என்று தேடித்தான் பார்க்கவேண்டும். யுத்தம் அதன் கடைசிக் கட்டத்தை அடையுமுன்னர் இந்த நிலத்தின் பெரும்பகுதியில் விடுதலைப் புலிகளின் நிர்வாகமும் நீதிமன்றங்களும் வைப்பகமும் இயங்கின. அந்தக் காலத்தில் ஒருவருக்கு மதிப்பைப் பெற்றுத்தந்த தொடர்புகளே பின்னர் அவரை விசாரணைக்கு அழைக்கக் காரணமாகின. இடம்பெயர்ந்தோர் முகாமான மெனிக்பாமிலிருந்து சனம் ஊர் திரும்பியபோது கூரைகளோடு சேர்த்து இன்னொன்றும் அழிந்திருந்தது: யார் சொன்னால் கடன் கிடைக்கும், யார் வந்து நின்றால் பிணக்குத் தீரும், யாருடைய அளவை மரக்காலை மறுபடி அளக்கத் தேவையில்லை என்ற ஊர்க்கணக்கு. சங்கத் தலைவர் இறந்திருந்தார், அல்லது கடல் கடந்திருந்தார், அல்லது ஊரில் இருந்தும் வாய் திறக்காதவராக மாறியிருந்தார்.

அந்த வெற்றிடத்துக்குள்தான் பயனாளி என்ற சொல் வந்தது. மீள்குடியேற்றத்தோடு வந்த அரச திட்டங்களிலும் அரச சார்பற்ற நிறுவனங்களின் வாழ்வாதார உதவிகளிலும் கோழிக்குஞ்சு வாங்கியவரும், தையல் இயந்திரம் பெற்றவரும், நீரிறைக்கும் இயந்திரத்துக்குக் கையெழுத்து வைத்தவரும் பயனாளிகள். ஆரம்பத்தில் அது ஒரு பட்டியலின் தலைப்பு மட்டுமே. பிறகு அது ஆட்களுக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது. எங்கள் ஊர்களில் மூன்று தகரம் அடித்துப் பெட்டிக்கடை போட்டவரையும் முதலாளி என்று கூப்பிடுவோம். மாதம் எண்பது கிலோ அரிசிமா விற்கும் பெண்ணைப் பயனாளி என்போம். முதலாளி என்றால் கடன் கேட்கலாம், விலை பேசலாம், சண்டை பிடிக்கலாம். பயனாளி என்றால் கூட்டத்துக்கு வரவேண்டும். ஒருவர் பயனாளியாகவே அறிமுகமானால், வங்கி முகாமையாளரும் மொத்த வியாபாரியும் அவரோடு தொழில் உறவு வைப்பதற்கு முன்னர் அந்தப் பெயரை உரித்துப் போடவேண்டியிருக்கிறது. பெரும்பாலும் அதற்கு அவர்கள் மெனக்கெடுவதில்லை.

நான் அதிகமாகக் கற்றது விசுவமடுப் பக்கத்து அக்கா ஒருவரிடம். அவருடைய கணவர் யுத்தத்தின் கடைசி மாதங்களில் இல்லாமற் போனார். இரண்டு பிள்ளைகள். வறுத்த மிளகாய்த்தூள் அவருடைய தொழில்; செத்தல் மிளகாய், மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, கறிவேப்பிலை எல்லாவற்றையும் தனித்தனிப் பதத்தில் வறுத்து, சந்தியிலுள்ள மில்லில் கொண்டுபோய்த் திரித்து, நிறுத்து விற்பார். வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் பயணத்துக்கு இரண்டு நாள் முன்னதாகச் சொல்லிவைத்து ஐந்து கிலோ, பத்துக் கிலோ என்று கட்டிக்கொண்டு போவார்கள். செத்தலைச் சந்திக் கடைக்காரர் கடனுக்குக் கொடுத்தார். தூள் விற்ற கையோடு கணக்குத் தீர்க்கப்படும், எழுத்தில் ஒன்றும் இல்லை. வறுக்கிற நாட்களில் அயலில் இரண்டு பெண்கள் வந்து நிற்பார்கள். அவர்களுக்குக் கூலியாகக் கொஞ்சக் காசும் கொஞ்சத் தூளும். இதை ஒரு தொழில் வலையமைப்பு என்று எங்கள் நிறுவனத்தின் எந்தப் படிவமும் பதிந்துகொள்ளவில்லை. படிவத்தின்படி அவர் குடும்பத் தலைமைப் பெண், வீட்டுக் கைத்தொழில், சந்தைத் தொடர்பு இல்லை.

அவருக்குச் சந்தைத் தொடர்பு ஏற்படுத்திக் கொடுப்பது என் பொறுப்பாக இருந்தது. கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலோடு பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் பதிந்தோம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தார். குசினிக்கு வெளியே தனி அறை வேண்டியிருந்ததால் அதற்கு நிதி எடுத்தோம். லேபல் அடித்தோம், பார்கோட் எடுத்தோம், வாய் ஒட்டும் இயந்திரம் வாங்கிக் கொடுத்தோம். பதினான்கு மாதங்கள் போயின. ஒவ்வொரு பத்திரம் கிடைத்தபோதும் நான் உண்மையிலேயே மகிழ்ந்தேன், அதை மறைக்க விரும்பவில்லை. அறைச் சுவரில் நிதி கொடுத்தவர்களின் இலச்சினையோடு ஒரு பலகையும் ஏறியது.

பலகை ஏறிய மூன்றாம் மாதம் கடைக்காரர் கடனை நிறுத்தினார். கோபமில்லை, பகையில்லை. “இனி உங்களுக்கென்ன அக்கா, நிறுவனக்காரர் நிக்கினம்தானே, காசுக்கே எடுக்கலாம்” என்றாராம். வறுக்க வந்த பெண்கள் நாட்சம்பளம் கேட்டார்கள். கேட்டதில் பிழையில்லை, ஏனென்றால் அது இப்போது அக்காவின் அடுப்பாகத் தெரியவில்லை, ஒரு கம்பனியின் அடுப்பாகத் தெரிந்தது. பழைய வாடிக்கையாளர்களில் சிலர், பக்கற்றில் வருவது கடைக்கு விற்கிற தூள், எங்களுக்கு முந்தித் தந்த தூள் வேறு என்று சொல்லிக்கொண்டு வேறிடம் போனார்கள். சுப்பர்மார்க்கற் இரண்டு தடவை எடுத்தது. காசு தர அறுபது நாள் ஆனது. மூன்றாம் தடவை எடுக்கவில்லை. மேலிருந்து ஓர் அங்கீகாரத்தை வாங்கிக் கொடுக்கப்போய், பக்கத்திலிருந்த ஏற்பை நாங்கள் செலவழித்துவிட்டோம் என்பதை நான் புரிந்துகொள்ள இன்னும் ஓராண்டு பிடித்தது.

இங்கே அங்கீகாரம், ஏற்பு என்று நான் இரண்டாகப் பிரிப்பது சொல் விளையாட்டுக்காக இல்லை. அங்கீகாரம் ஒரு மேசையிலிருந்து வருகிறது. அதில் திகதியும் முத்திரையும் உண்டு. அதைக் காட்டி இன்னொரு மேசைக்குப் போகலாம். ஏற்பு அப்படிக் கைமாறுவதில்லை. கடைக்காரர் கொடுத்த கடனைக் காட்டி வங்கியில் கடன் எடுக்க முடியாது. பிரதேசத் தொழில் சூழல்களை ஆராய்ந்த பென் ஸ்பிகல் 2017 இல், பண்பாடு சார்ந்தவை, உறவு சார்ந்தவை, பௌதிகம் சார்ந்தவை என்று அவற்றின் கூறுகளை வகுத்து, அவை ஒன்றையொன்று தாங்கி நிற்கும்போதே சூழல் வலுப்பெறுகிறது என்று காட்டினார். எங்களிடம் மூன்றும் உண்டு. கட்டடம், வீதி, 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சிக்கு வந்த புகையிரதம், அறிவியல் நகரில் பொறியியல் பீடம், 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியா வளாகம் என்று பௌதிகக் கணக்கு நீளும். உறவுகளும் ஊருக்குள் உண்டு. ஒன்றின் மதிப்பு மற்றொன்றில் செல்லுபடியாவதில்லை என்பதுதான் எங்கள் சிக்கல்.

வங்கியைப் பார்த்தால் இது துலக்கமாகத் தெரியும். சிறு கடனுக்கும் பெரும்பாலும் இரண்டு பிணையாளர்கள் வேண்டும், அவர்கள் நிரந்தர அரச உத்தியோகத்தர்களாக இருந்தால் நல்லது. காணியை ஈடு வைக்கலாமே என்று வெளியூர் ஆலோசகர்கள் கேட்பார்கள். வன்னியின் குடியேற்றத் திட்டங்களில் பெருமளவு காணி 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் உள்ளது. உறுதிக் காணியைப் போல அதை நினைத்தபடி விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. மூன்று ஏக்கர் வயலும் கிணறும் நாற்பது தென்னையும் உள்ளவர், மாதச் சம்பளம் வாங்கும் ஓர் ஆசிரியரின் கையெழுத்துக்காக அவருடைய வீட்டு விறாந்தையில் காத்திருக்கும் காட்சி எங்களுக்குப் பழகிப்போனது. இதனால் முயற்சியாளர்கள் யாரோடு உறவு வளர்க்கிறார்கள் என்பதும் தீர்மானமாகிறது. சக உற்பத்தியாளரைவிட உத்தியோகத்தர் வீட்டுக் கலியாணத்துக்குப் போவது முக்கியமாகிறது. முன்னாள் போராளிகளுக்கு இது இன்னும் கடினம். புனர்வாழ்வு முடித்த பத்திரம் அவர்களிடம் உண்டு, பிணை நிற்கத் துணியும் உத்தியோகத்தரைத் தேடுவதுதான் பாடு.

ஊருக்குள்ளிருந்த ஏற்பைக் காசாக்க முடியும் என்று முதலில் கண்டுபிடித்தவர்கள் நுண்கடன் கம்பனிகள். அயலிலுள்ள பெண்கள் குழுவாகச் சேரவேண்டும், ஒருவர் கட்டத் தவறினால் மற்றவர்கள் பொறுப்பு. காணி உறுதியும் உத்தியோகத்தர் கையெழுத்தும் தேவையில்லை. பக்கத்து வீட்டாள் உங்களை நம்பினால் போதும். கேட்பதற்கு அழகான ஏற்பாடு. நடந்தது என்னவென்றால், கட்டவேண்டிய கிழமை வந்ததும் சேர்ந்து கிணற்றடியில் குளித்தவர்கள் ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் ஒளித்தார்கள். தவணை சேகரிக்க வந்தவர் ஒருத்தியின் முற்றத்தில் பொழுது சாயும் வரை இருக்க, மற்றவர்கள் அவளைத் திட்டினார்கள். 2016 இல் நுண்நிதிச் சட்டம் வந்தது. 2018 இல் அரசாங்கம், வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன் பெற்ற பெண்களுக்குக் கடன் நிவாரணம் அறிவித்தது. கடன் பதிவேட்டிலிருந்து போகலாம். அந்தக் குழுக்களில் இருந்த பெண்கள் பிறகு ஒரு உற்பத்தியாளர் சங்கமாகச் சேர மறுத்ததை நான் நேரில் கண்டேன், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இனி, ஊக்குவிக்க வந்த எங்களைப் பற்றி. ஏற்புடைமை தேவைப்படுவது முயற்சியாளருக்கு மட்டுமே என்று எண்ணுவது தவறு. நிதி கொடுப்பவரிடம் கணக்குக் காட்டவேண்டிய நிறுவனத்துக்கும், மாவட்டத்தில் முன்னேற்றம் காட்டவேண்டிய அலுவலகத்துக்கும் அது தேவை. இன்னும் சொன்னால் அவர்களுக்குத்தான் அவசரம். அதை அவர்கள் எடுப்பது அக்காவைப் போன்றவர்களிடமிருந்து. ஒரு கண்காட்சி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காலை எட்டு மணிக்கு வந்துவிடச் சொன்னோம். அதிதிகள் பத்தரைக்கு வந்தார்கள். விளக்கேற்றி, நாடா வெட்டி, ஒவ்வொரு மேசையிலும் நின்று படம் எடுத்து, அக்காவின் தூளை மணந்து பார்த்துப் பாராட்டினார்கள். அன்று அவர் விற்றது ஏழு பக்கற். அதில் இரண்டு என் வீட்டுக்கு. அவருடைய படம் எங்கள் ஆண்டறிக்கையின் அட்டையில் வந்தது. அந்த அட்டையைக் காட்டித்தான் அடுத்த திட்டத்துக்கு நிதி கேட்டோம், கிடைத்தது, எனக்கும் இன்னும் இரண்டு ஆண்டு சம்பளம் ஓடியது. யார் யாருக்கு உதவி செய்தார் என்று யாராவது அன்றே கேட்டிருந்தால் நான் கோபப்பட்டிருப்பேன்.

அந்தப் பண்டமாற்றில் பிழை இருப்பதாக நான் எண்ணவில்லை. அது ஒருவழி உதவியாகவே பேசப்படுவதில்தான் பிழை இருக்கிறது. தன்னுடைய பெயர் நிறுவனத்துக்குப் பெறுமதியானது என்பதை அறிந்த முயற்சியாளர் பேரம் பேசுவார்: படம் எடுங்கள், ஆனால் உங்கள் பலகையை என் சுவரில் அறையாதீர்கள், கண்காட்சிக்கு வருகிறேன், ஆனால் போக்குவரத்தும் ஒருநாள் உழைப்பும் தரவேண்டும், சான்றிதழ் எடுத்துத் தாருங்கள், ஆனால் கடைக்காரரோடு எனக்கிருக்கும் கணக்குக்குள் வராதீர்கள். அப்படிப் பேரம் பேசிய ஒரே ஒருவரை எனக்குத் தெரியும். முல்லைத்தீவுக் கரையோரத்தில் கருவாடு போடும் பெண் அவர். “என்ர பேரில உங்கட பேரை எழுதாதேங்கோ தம்பி, சனம் என்னட்ட வாங்காது” என்று முகத்துக்கு நேரே சொன்னார். எங்கள் அறிக்கையில் அவரை ஒத்துழைக்காதவர் என்று எழுதினோம்.

மேல்மட்டத்திலும் இதே கதைதான், அளவு மட்டும் பெரிது. 2016 இல் வவுனியாவுக்கு வரவிருந்த, விளைபொருள் மொத்தச் சந்தையான பொருளாதார மத்திய நிலையத்தைத் தாண்டிக்குளத்தில் அமைப்பதா ஓமந்தையில் அமைப்பதா என்று மாதக்கணக்கில் வாதம் நடந்தது. இடத்தைப் பற்றிய வாதமாக அது தெரிந்தாலும், மத்திய அமைச்சா மாகாண சபையா, யாருடைய சொல்லுக்கு இங்கே பெறுமதி என்பதே அடியில் இருந்தது. மரக்கறி விளைவிப்பவர் அந்த மேசைகள் எதிலும் இருக்கவில்லை. அவர் வழக்கம்போலத் தம்புள்ளைக்கு ஏற்றினார்.

புலம்பெயர்ந்த உறவுகளின் முதலீடு பற்றிப் பலரும் எழுதுவதால் நான் அதிகம் எழுதவில்லை. காசோடு வருகிறவருக்கு அலுவலகக் கதவுகள் எளிதில் திறக்கின்றன. ஊர் அவரிடம், நீங்கள் ஆற்றை ஆள், அதாவது யாருடைய ஆள், என்று கேட்கிறது. அந்தக் கேள்விக்கு விடை சொல்ல அவருக்கு உள்ளூரில் ஒரு மச்சான் தேவைப்படுகிறார். முதலீடு நிலைப்பதும் முறிவதும் அந்த மச்சானின் பெயரைப் பொறுத்தது என்பது என் அனுபவம். திட்ட வரைவுகளில் அந்த மச்சானுக்கு ஒரு வரிகூட இருப்பதில்லை.

நான் இப்போது அந்த வேலையில் இல்லை. அக்கா தொழிலை விடவில்லை. பக்கற்றுகள் தீர்ந்தபின் லேபல் அடிக்கவில்லை. பழையபடி நிறுத்து, தாளில் சுற்றிக் கொடுக்கிறார். கடைக்காரரோடு கணக்கு மீண்டும் தொடங்க இரண்டு ஆண்டு ஆனது, அதுவும் அவருடைய மகளின் சாமத்தியச் சடங்குக்கு அக்கா தூளும் மாவும் காசு வாங்காமல் கொடுத்த பிறகு. பதிவுப் பத்திரத்தை மட்டும் ஒவ்வோர் ஆண்டும் கவனமாக எடுத்து வெயிலில் காயவைத்து, பிளாஸ்ரிக் உறையில் திரும்ப வைக்கிறார். பலகை இன்னும் சுவரில்தான் இருக்கிறது. மழைக்கு எழுத்து அழிந்து நிதியுதவி என்ற சொல் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

போன மாதம் அவர் தொலைபேசியில் அழைத்தார். சொந்தமாக ஒரு திரிக்கும் இயந்திரம் வாங்கப் போகிறார், வங்கி மூன்று இலட்சம் தரச் சம்மதித்திருக்கிறது, பிணைக்கு ஒருவர் கிடைத்துவிட்டார், இன்னொருவர் வேண்டும். அவரை நான் பதினொரு ஆண்டுகளாக அறிவேன். ஒரு தவணையும் தவறாதவர் என்று எங்கே வேண்டுமானாலும் எழுதிக் கொடுப்பேன். ஆனால் நான் அரச உத்தியோகத்தன் இல்லை, என் கையெழுத்து அங்கே செல்லாது. என் மைத்துனர் ஆசிரியர். அவருக்கு அக்காவைத் தெரியாது, தூளை மட்டும் தெரியும். கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். இன்னும் சொல்லவில்லை.